சீவாளி போன தூரம்

அரியாங்குப்பத்துக்கும் இத்தாலிக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், முதலில் பானை ஓட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்து, காக்காயந்தோப்புப் பக்கம் திரும்பினால் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது பளபளப்பான செந்நிறப் பூச்சுள்ள கிண்ணத் துண்டுகள் கிடைத்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்க் குயவர்களின் கைவேலை அது. அந்தக் கிண்ணங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்ததால், அதையே அளவுகோலாக வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக் கணக்குப் போட்டார் வீலர். கூடவே இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் வந்தன. நேப்பிள்ஸைச் சுற்றிய காம்பானியா நாட்டின் திராட்சை மதுவும், கிரேக்கக் கோஸ் தீவின் மதுவும் அவற்றில் வந்து இறங்கியிருந்தன.

சாடி வந்தது, கிண்ணம் வந்தது. கப்பலில் வந்தவர்கள் இரவில் என்ன பாடினார்கள் என்பதற்கு மட்டும் ஓடு கிடையாது. இத்தாலியப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு காது, ஜாஸில் பழகிய ஒரு மூச்சு, தமிழ்நாட்டு வாத்தியம் ஒன்று, இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்வதற்கு 1960-கள் வரை ஆயிற்று. சேர்த்து வைத்தது நாதஸ்வரம். இம்முறை பொருள் இங்கிருந்து போனது.

பழைய வீட்டு உத்தரம்

நாதஸ்வரத்தின் பிறந்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையைச் சொல்லலாம். 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது இந்த ஊர் நாதஸ்வரம். மரம் ஆச்சா. பச்சை மரம் உதவாது. ஈரம் வற்ற வற்ற வளையும், வெடிக்கும். அதனால் இடிக்கிற பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்கிக் கடைவார்கள். ஒரு தலைமுறைக்குக் கூரையைத் தாங்கிய மரம் அடுத்த தலைமுறைக்குத் தோடி வாசிக்கிறது.

உடலுக்கு உலவு என்று பெயர். மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் கூம்புத் துளை. அடியில் விரிந்த அணசு. விரல் வைக்க ஏழு துளை. அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் சுருதியைச் சரிக்கட்ட. தேவைக்கேற்ப மெழுகு வைத்து அடைப்பார்கள். உச்சியில் கெண்டை என்னும் சின்ன உலோகக் குழாய், அதன்மேல் சீவாளி.

மரம் ஐம்பது வருடம் உழைக்கும். சீவாளியின் ஆயுள் அற்பம். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, அவித்து, காயவைத்து, நாள்கணக்கில் பதப்படுத்தி, இரண்டு மடலாக மடித்துக் கட்டுவார்கள். திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். வாசிக்கும் முன் வாயில் வைத்து நனைக்க வேண்டும். அன்றைய வெயில், காற்று, வாசிப்பவரின் உதடு எல்லாவற்றுக்கும் தக்கபடி அது மாறும். அதனால்தான் நாதஸ்வரத்தில் நூல் கட்டி நாலைந்து சீவாளியும் ஓர் ஊசியும் தொங்குகின்றன. பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தெரியும். வித்துவானுக்கு அது கருவிப் பெட்டி.

ஒரு காலத்தில் நீளம் குறைந்த, சுருதி உயர்ந்த திமிரி நாதஸ்வரமே வழக்கு. நீளமான, கனத்த ஒலியுள்ள பாரியை மேடைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியதில் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-இல் சுத்த மத்யமம் இயல்பாகப் பேசுகிற பாரியைச் செய்து கொடுத்தார். அதற்கு முன் அந்த ஒரு ஸ்வரத்தை உதட்டாலும் மூச்சாலும் இறக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே, 1956-இல், ராஜரத்தினம் பிள்ளை காலமானார். வாத்தியம் அவர் விட்ட இடத்திலிருந்து புறப்பட்டது.

தேர் நிற்கும் முனை

நாதஸ்வரம் மண்டபத்துக்காகப் பிறந்ததல்ல. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. வீதி முனையில் தேர் நிற்கும்போது மணிக்கணக்கில் ராக ஆலாபனை. அரியாங்குப்பத்தை ஒட்டிய வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கடற்காற்றும் கூட்டத்தின் சத்தமும் தவிலும் சேர்ந்த அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாத்தியம் தலைதூக்கி ஒலிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியான மூச்சு வேண்டும்.

அந்த மூச்சுக்குப் பாடத்திட்டம் உண்டு. நாக்கால் தட்டி ஒலியைப் பிரிப்பது துத்துகாரம். விரலால் வெட்டுவது விரலடி. தட்டாமல் வெட்டாமல் ஒரே மூச்சில் குரலைப் போல இழுப்பது அகாரம். துளையை முழுதாகத் திறக்காமல் கால், அரை என்று திறந்து, மீதியை உதட்டு அழுத்தத்தால் முடித்தால்தான் கமகம் வரும். சாவி கிடையாது. எழுதிப் படிக்க முடியாது. வாத்தியார் எதிரே உட்கார்ந்து அவர் கன்னம் எப்போது உப்புகிறது, எப்போது ஒட்டுகிறது என்று பார்த்தே கற்க வேண்டும். பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பார். மூக்கால் இழுத்து வாயால் விடும் அந்த இடையறாத மூச்சுதான் பல பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழர்கள் மலாயாவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். போன இடத்தில் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோவில் எழுந்தது. 1873-இல் கோலாலம்பூரில் மகா மாரியம்மன் கோவில், பிறகு பத்துமலை. கோவில் என்றால் பூசை, பூசை என்றால் மேளம். வித்துவான்கள் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரவழைக்கப்பட்டார்கள். நாதஸ்வரம் முதன்முதலாகக் கடல் தாண்டியது கச்சேரிக்காக அல்ல, தைப்பூசத்துக்காகவும் கல்யாணத்துக்காகவும்.

போஸ்டனில் ஓர் இத்தாலிய வீடு

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தென் இத்தாலியிலும் வறுமை ஆட்களைக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. அவர்கள் கையோடு கொண்டுபோனவற்றில் ஓபராப் பாட்டு ஒன்று. புனிதர் திருவிழாவில் சிலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகும்போது முன்னே வாசித்துச் செல்லும் பித்தளை பேண்டு இன்னொன்று. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய இசைக்குள் இந்தக் குடியேறிகளின் பிள்ளைகளும் நுழைந்தார்கள். ஜாஸ் என்ற பெயரோடு 1917-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டை வாசித்த குழுவின் கார்னெட் கலைஞர் நிக் லரோக்கா, சிசிலியிலிருந்து குடியேறியவர்களின் மகன். ஜாஸ் வயலினுக்கு வழி போட்ட ஜோ வெனுட்டியும் இத்தாலிய வம்சம். மறுபக்கம், ஜாஸின் மாபெரும் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இளமையில் இத்தாலிய ஓபராப் பாடகர் கரூசோவின் இசைத்தட்டுகளை வாங்கிக் கேட்டவர். ஆகவே இத்தாலியப் பாட்டையும் ஜாஸையும் ஒரே மேடையில் வைப்பது இன்றைய புதுமை இல்லை. இரண்டும் ஒரே தெருவில் வளர்ந்தவை.

அந்தத் தெருக்களில் ஒன்று போஸ்டனின் ஹைட் பார்க். அங்கே 1923 நவம்பர் 12 அன்று கார்மினே ஊகோ மரியானோ பிறந்தார். பின்னாளில் உலகம் அறிந்த பெயர் சார்லி மரியானோ. பெற்றோர் இத்தாலியின் அப்ருத்ஸோ மலைநாட்டில் ஃபல்லோ என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு ஓபராவில் பெரும் பற்று. வீட்டுக்குள் கேட்ட முதல் சங்கீதம் அதுதான்.

அப்ருத்ஸோவைப் பற்றி ஒரு விஷயம் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டும். அந்த மலைகளின் இடையர்கள் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இருவர் இருவராக ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இறங்கி வந்து தெருவில் வாசிப்பது பழைய வழக்கம். ஒருவர் கையில் ஸம்போன்யா, அதாவது தோல்பை வைத்த துருத்தி வாத்தியம். விடாமல் சுருதி பிடிக்கும் குழல்களும் அதில் உண்டு. இன்னொருவர் வாயில் சியராமெல்லா: மரத்தில் கடைந்த கூம்புக் குழல், அடியில் விரிந்த வாய், உச்சியில் இரட்டை மடல் நாணல். ஒத்தும் நாதஸ்வரமும் ஜோடியாகப் போவது போலத்தான். 1754-இல் புனிதர் அல்போன்ஸ் லிகோரி இயற்றிய புகழ்பெற்ற இத்தாலியக் கிறிஸ்துமஸ் பாட்டு இன்றும் இந்த ஜோடியின் வாசிப்போடு இணைத்தே நினைக்கப்படுகிறது. நாணலை வாயில் வைத்து ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிற குடும்பம் ஒன்றின் ஒரு கிளை காவிரிக் கரையில், இன்னொன்று அப்ருத்ஸோவில். மரியானோவின் பெற்றோர் புறப்பட்ட ஊர் அந்த இரண்டாவது கிளையின் நிழலில் இருந்தது.

பையன் கையில் கிடைத்தது சாக்ஸபோன். அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற பித்தளை வாத்தியம். இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சேவை, பிறகு இன்று பெர்க்லி என்று அறியப்படும் இசைப் பள்ளி, ஸ்டான் கென்டன் குழு, பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியோடு திருமணமும் கூட்டு வாசிப்பும், 1963-இல் சார்ல்ஸ் மிங்கஸின் பெயர்பெற்ற இசைத்தட்டு ஒன்றில் இடம். நாற்பது வயதுக்குள் ஜாஸில் அடைய வேண்டியதை அடைந்துவிட்டவர் அவர்.

கோலாலம்பூர்

1960-களின் நடுவில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி தர மரியானோ கோலாலம்பூர் போனார். கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் நாதஸ்வரம் காதில் விழுந்தது. வாத்தியார் மாணவராக உட்கார்ந்தார்.

அந்தச் சமயம் ஜாஸ்காரர்கள் பலர் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜான் கோல்ட்ரேன் 1961-இலேயே ஒரு நீண்ட உருப்படிக்கு இந்தியா என்றே பெயர் வைத்து வாசித்திருந்தார். இதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. அதுவரை ஜாஸ் ஓடியது ஒன்றன்பின் ஒன்றாக மாறும் ஸ்வரக் கூட்டுகளின் மேல். இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை கால் வைக்கும் கல் மாறும். மனோதர்மம் அந்தக் கற்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். 1950-களின் கடைசியில் அதில் சலிப்பு வந்து, ஒரே ஆதாரத்தின் மேல் நின்று ஸ்வர வரிசை ஒன்றை விரித்துக்கொண்டே போகும் முறைக்குப் பலர் மாறினார்கள். ஆதார சுருதியில் நின்று ராகத்தை விரிப்பது நமக்குப் புதிதில்லை. தேர் முனையில் நின்று இரவெல்லாம் நம் வித்துவான் செய்ததும் இதுதான்.

ஆனால் பெரும்பாலானோர் இசைத்தட்டைக் கேட்டுக் கற்பனையை எடுத்துக்கொண்டார்கள். மரியானோ வாத்தியத்தையே எடுத்தார். சாக்ஸபோனும் கூம்பு, நாதஸ்வரமும் கூம்பு. கூம்புக் குழலை அழுத்தி ஊதினால் அடுத்த ஸ்தாயிக்கு அதே விரலடியில் தாவும். அந்த அளவுக்கு அவர் விரலுக்கு வழி தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் எதிரி. சாக்ஸபோனில் ஒரே மடல். உதடு அதன் கீழே அணைந்து நிற்கும். இங்கே இரண்டு மடலும் வாய்க்குள். அங்கே ஸ்வரத்துக்கொரு சாவி. இங்கே ஏழு துளையும் மூச்சும் மட்டும். இருபது வருடம் சம்பாதித்த தேர்ச்சியை வெளியே வைத்துவிட்டு, தொடக்கப் பாடத்துக்குத் திரும்பினால் ஒழிய சீவாளி பேசாது. பிற்பாடு இந்தியாவுக்கும் வந்து தங்கி அவர் நாதஸ்வரப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

இதே காலத்தில் இங்கே, 1968-இல், தில்லானா மோகனாம்பாள் படம் வெளிவந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னால் நாதஸ்வரத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசித்து அசத்துவார் கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம். திரைக்குப் பின்னால் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாதஸ்வரம் மேற்கைப் பேசும் என்று தமிழர்கள் கொட்டகையில் கைதட்டிய நாட்களில், மேற்கத்தியர் ஒருவர் நாதஸ்வரம் பேசப் பழகிக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம்

1971-இல் மரியானோ ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். 1975-இல் எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மானியக் கலைஞரின் எல்லோ ஃபீல்ட்ஸ் இசைத்தட்டு ஈசிஎம் நிறுவனத்தின் வெளியீடாகப் பதிவானது. மின்சார பாஸ், விசைப்பலகை, டிரம்ஸ் ஆகியவற்றோடு மரியானோவுக்கு எதிரே எழுதியிருந்தது: சொப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம். கோவில் வீதியில் கூட்டத்தை அடக்கப் பிறந்த வாத்தியம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, மைக்குக்கு முன்னால் குரலைத் தாழ்த்த. வெபர் போட்டுக்கொடுத்த அடித்தளமும் அதற்கு இடம் தந்தது. ஸ்வரக் கூட்டு மெதுவாக நகரும். நீண்ட நேரம் ஒரே இடத்தில் நிற்கும். ஒத்து ஊதுகிறவரின் வேலையை அங்கே மின்சாரக் கருவிகள் எடுத்துக்கொண்டன.

1983-இல் வந்த ஜோதி என்ற இசைத்தட்டு இன்னும் கவனிக்கத் தக்கது. பெங்களூரு கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியின் டி.ஏ.எஸ். மணி மிருதங்கத்தோடும், ஆர்.ஏ. ரமாமணி வாய்ப்பாட்டோடும் மரியானோ சேர்ந்தார். கர்நாடக இசைக்காரர்கள் கூட இருக்கும்போது நாதஸ்வரம் ஊதினால் பொருத்தமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அந்தத் தட்டில் அவர் எடுத்தது சாக்ஸபோனும் புல்லாங்குழலும். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். அது தந்த பாடம் போகவில்லை. ரமாமணியின் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது சாவி வைத்த பித்தளையும் கூடவே வழுக்குகிறது. சாவியால் வருகிற வேலை இல்லை இது. உதடு எங்கேயோ கற்ற வேலை. அந்த ஒலிக்குள் போஸ்டன் வீட்டு ஓபராக் குரல் எவ்வளவு, கோலாலம்பூர்க் கோவில் மேளம் எவ்வளவு என்று பிரித்து எடுக்க முடியாது. கலப்பு என்பதற்கு நான் தருகிற இலக்கணம் இதுதான்: பிரித்து எடுக்க முடியாமல் போவது.

2009 ஜூனில் கொலோனில் மரியானோ மறைந்தார். அவர் பெற்றோர் பிறந்த மண்ணின் பாட்டும் ஜாஸும் இத்தாலியிலேயே இதற்கிடையில் நெருங்கிவிட்டிருந்தன. என்ரிகோ ராவா ஓபராப் பாட்டுகளை டிரம்பெட்டில் எடுத்தார். 2008-இல் கிளாரினெட் கலைஞர் ஜான்லூயிஜி த்ரோவேசி, ஊதுவாத்தியக் குழு ஒன்றைக் கூட்டி ஓபரா மெட்டுகளில் ஒரு முழுத் தட்டே செய்தார். இத்தாலியச் சிற்றூர்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் பேண்டுகள் வழியாகத்தான் ஓபரா ஒரு காலத்தில் ஏழைகளின் காதை எட்டியது. ஊரின் இசை ஊர்வலத்தில் பிறந்து மேடைக்குப் போய் மீண்டும் ஊர்க் கூட்டத்தோடு கலக்கிற வட்டம் அங்கேயும் உண்டு.

எதிர்த் திசையில் ஒருவர்

சீவாளி மேற்கே போன கதைக்கு நேர் எதிரான கதை ஒன்றும் இருக்கிறது. கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் 1949-இல் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர் கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் மோகம் கொண்டார். சாவிகளைக் கமகத்துக்கு இணங்க மாற்றிக்கொள்ளவும், அது கர்நாடக வாத்தியம்தான் என்று சபாக்களை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஆண்டுகள் பிடித்தன. 1994-இல் டூயட் படம் வந்தபோது அந்த ஒலி டீக்கடை வரை எட்டியது. 2008-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து கின்ஸ்மென் என்ற தட்டைத் தந்தார். சாக்ஸபோன்காரர் நாதஸ்வரத்துக்கு வந்தார். நாதஸ்வர வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார். இருவருக்கும் பொதுவாக இருந்தது, சொந்த வாத்தியத்தின் வசதியை விட்டு இறங்கி வருடக்கணக்கில் தடுமாறச் சம்மதித்ததுதான்.

இன்று புதுச்சேரிக் கல்யாண மண்டபங்களிலும் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் சாக்ஸபோன் உட்கார்ந்திருக்கிறது. கற்கும் முறையும் மாறிவிட்டது. திண்ணையில் நடந்த பாடம் வகுப்பறைக்கு வந்திருக்கிறது. அரியாங்குப்பத்திலேயே பாரதியார் பல்கலைக்கூடம் இசை, நடனம், நுண்கலை சொல்லிக்கொடுக்கிறது. சாதியோ வீட்டு மரபோ இல்லாத பிள்ளையும் விண்ணப்பம் போட்டு இசை கற்கலாம். நாதஸ்வரம் நீண்ட காலம் சில குடும்பங்களுக்குள் சுற்றியது என்பதை நினைத்தால் இது சிறிய மாற்றமல்ல. ஷேக் சின்ன மௌலானா போன்ற மேதைகள் அந்த வேலியின் மதக் கம்பியை முன்பே வளைத்துக் காட்டியவர்கள்.

கலப்பிசைக் கச்சேரி என்ற பெயரில் இப்போது பல ஊர்களில் நடப்பதைப் பார்த்தால், இரண்டு மரபுகள் ஒரே மேடையில் முறை வைத்து வாசித்துவிட்டுக் கைகுலுக்கிப் போகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஒருவருடைய சீவாளி இன்னொருவருடைய வாய்க்குள் போவதில்லை. பொருளைக் கப்பலில் ஏற்றலாம். அரிக்கமேட்டுச் சாடிகளே சாட்சி. மூச்சை ஏற்ற முடியாது. ஒரு வாத்தியாரிடம் போய் உட்கார்ந்து வாங்கி வர வேண்டும். ஜெர்மனியின் ராக் குழுவான குரு குருவில் சாக்ஸபோன் வாசித்த ரோலண்ட் ஷேஃபர், நாதஸ்வரத்தை மேடையில் எடுக்க ஆசைப்பட்டு, கருப்பையா பிள்ளையிடம் பாடம் கேட்டது 1981 முதல் 1985 வரை. இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பின்னால் இருக்க வேண்டிய கணக்கு அந்த நான்கு ஆண்டுதான்.